ஊற்றும் மேட்டுத்தெருவும்

ஆக்லாந்து விமான நிலையத்தில் என் பூட்ஸைக் கழுவித் தந்தார்கள்.

கொண்டுவந்ததை மறைக்காமல் சொல்லியிருந்தேன்: பருப்புப்பொடி ஒரு பொட்டலம், முறுக்கு ஒரு டப்பா, களப்பணிக் காலணி ஒரு ஜோடி. பொடியையும் முறுக்கையும் கண்டுகொள்ளாத அதிகாரி, பூட்ஸைத் தலைகீழாகத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த ஸ்ரீபெரும்புதூர் மண்ணை வெகுநேரம் பார்த்தார். "இதைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்குவீர்களா?" என்று கேட்டார். இறங்கத்தான் வந்திருக்கிறேன் என்றேன். உள்ளே எடுத்துப்போய்க் கழுவி, ஏதோ மருந்து தெளித்து, ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். "ஓர் ஓடையிலிருந்து இன்னோர் ஓடைக்குப் போகும்போது காயவிட்டுப் போங்கள். ஒன்றின் நோய் இன்னொன்றுக்கு வேண்டாம்." எங்கள் ஊரில் ஆற்றுக்காக இப்படி யாரும் என்னை நிறுத்தியதில்லை. லாரியையே நிறுத்தியதில்லை.

சென்னையில் நான் வேலை பார்ப்பது ஒரு பொறியியல் ஆலோசனை நிறுவனத்தின் பின்கட்டில். தண்ணீர் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் அதன் கணக்கு பெருங்குடியில் ஒரு நாலாவது மாடியில் நடக்கும். முதல் சில வருடங்கள் எனக்குத் தெற்கு இங்கிலாந்தின் சுண்ணாம்புக்கல் ஓடைகளைக் கொடுத்திருந்தார்கள். மழை அந்த வெள்ளைப் பாறைக்குள் இறங்கி, வடிகட்டி, மாதக்கணக்கில் கழித்து ஊற்றாக வெளியே வரும். கண்ணாடி மாதிரி இருக்கும், கோடையிலும் குளிர்ந்தே ஓடும். அதே பாறையில் ஊருக்காக ஆழ்துளைக் கிணறு போட்டால் ஓடையின் தலைப்பகுதிதான் முதலில் வற்றும். அந்த ஓடைகளில் ஒன்றைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. திரையில் அவை நீலக் கோடுகள்.

ஆக்லாந்துக்குத் தெற்கேயும் கிட்டத்தட்ட அதே கதைதான், பாறை மட்டும் வேறு. இங்கே பழைய எரிமலைப் பாறை. வெங்காய வயல்களாக இருந்த நிலத்தில் ஒரு புதுக் குடியிருப்பு எழும்பியிருக்கிறது. ஆற்றிலிருந்து பெரிய குழாய் அங்கே வந்து சேர இரண்டு வருடமாவது ஆகும். அதுவரைக்கும் ஓர் ஆழ்துளைக் கிணறு. கிணற்றுக்குப் பக்கத்திலேயே ஓர் ஊற்று, அதிலிருந்து ஓர் ஓடை. கோடை முடியும் மார்ச் மாதத்தில், ஓடை மிகவும் மெலிந்திருக்கும்போது, கிணற்றை ஒரு வாரம் நிறுத்தாமல் இறைத்துப் பார்க்க வேண்டும். ஓடையின் அளவு எல்லோரும் ஒப்புக்கொண்ட கோட்டுக்குக் கீழே போகாவிட்டால் வீடுகளுக்குத் தண்ணீர். போனால் இல்லை. சோதனையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆக்லாந்துப் பொறியாளருக்குக் குழந்தை பிறந்துவிட்டது. அதனால் நான்.

வெளியே ஆரஞ்சு நிற வேலைச் சட்டையோடு அன்ரன் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். விரி என்ற பகுதியில், பம்பு, ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் ஒரு கிடங்கில் அவருக்கு வேலை. எங்கள் சோதனைக்குப் பம்பு தந்தது அந்தக் கிடங்குதான். கூடவே நின்று அதை ஓட்டப்போவது இவர். தமிழ்ப் பெண் ஒருத்தி வருகிறாள், தங்க ஓர் அறை வேண்டும் என்று அலுவலகம் விசாரித்தபோது கிடங்குக்காரர் இவரைக் கைகாட்டியிருக்கிறார்.

"நாங்கள் மன்னார்," என்றார்.

"நான் வேலூர்ப் பக்கம்."

"அப்ப வெயிலுக்குப் பயமில்லை. இஞ்ச ஈரத்துக்குத்தான் பயப்பிட வேணும்."

அதன் பொருள், பாபடோயிட்டோய் என்ற புறநகரில் அவர்கள் வீட்டுக் கதவைத் திறந்ததும் விளங்கிவிட்டது. வாடகை மரவீடு. உள்ளே காயாத துணியின் வாசனை. சன்னலோரச் சுவரில் கரும்புள்ளிகள், துடைத்த இடத்திலேயே மறுபடி முளைத்தவை. கூடத்தின் நடுவில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் ஓர் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அதன் தொட்டியில் சேரும் தண்ணீரை அன்ரன் அண்ணனின் மனைவி ரோசலின் அக்கா தினமும் காலையில் கொண்டுபோய்ச் சிங்கில் ஊற்றுவார். கேன் தண்ணீருக்கு டோக்கன் வாங்கி வளர்ந்த எனக்கு அதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. அவருக்கு இல்லை.

"மாரி தொடங்கினா இவளுக்கு மூச்சு இழுக்கும், பிள்ளை," என்று மகள் ஷாரனைக் காட்டினார். எட்டு வயது. "போன மாரிக்கு ரெண்டு தரம் ஆஸ்பத்திரியில வச்சிருந்தவை. டொக்டர் சொல்லிப்போட்டார், மருந்தில்லை, வீட்டை மாத்துங்கோ எண்டு. இந்த மாரிக்கு முன்னம் எப்படியும் போயிட வேணும்."

போவதற்கு வீடு இருந்தது. கைபேசியில் காட்டினார். சாம்பல் நிறக் கூரை, வெள்ளைச் சுவர், இன்னும் புல் பிடிக்காத முற்றம். சன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி என்பதைத் தனியாக ஒரு படம் எடுத்து வைத்திருந்தார். ஷாரன் எட்டிப் பார்த்து, தன் அறை எது, கட்டில் எந்தச் சுவரோரம் என்றெல்லாம் ஆங்கிலத்தில் சொன்னாள். எல்லா வேலையும் முடிந்துவிட்டது, குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது, தண்ணீர் வராமல் குடிபோகச் சான்றிதழ் தரமாட்டார்கள் என்றார் அக்கா. எந்த இடம் என்று கேட்டேன். என் கோப்பின் மேல் எழுதியிருந்த அதே பெயரைச் சொன்னார். மேட்டுத்தெரு, கடைசிக்கு முதல் வீடு.

"இவ அந்தத் தண்ணிக்குத்தான் வந்திருக்கிறா," என்றார் அன்ரன் அண்ணன்.

ரோசலின் அக்கா என் தட்டில் இன்னொரு அகப்பை பிட்டு வைத்தார். "அப்ப வடிவாச் சாப்பிடும்."

எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்புக்குப் பின்னால் ஒரு சின்னச் சங்கடம் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் செய்ய வேண்டியவற்றில் முதலாவதாக அதை வைத்தேன்: பாலிடம் சொல்ல வேண்டும்.

பால் எங்கள் ஆக்லாந்துத் தலைமைப் பொறியாளர். அலுவலகம் ஆல்பனியில், நகரத்தின் இன்னொரு கோடியில். பாபடோயிட்டோய் ஸ்டேஷனுக்குப் போனால் அன்று ரயில் இல்லை, பதிலுக்கு பஸ் என்றார்கள். பஸ்ஸும் வெகுநேரம் வரவில்லை. எனக்கு முன்னால் நின்ற இரண்டு கோயம்புத்தூர்ப் பையன்களில் ஒருவன், "மச்சி, இந்த ஊர்ல பஸ் வர்றதுக்குள்ள பி.ஆர். வந்துரும்டா," என்றான். மற்றவன், "உனக்கு பஸ்ஸே வராது," என்றான். நான் சிரித்ததும் இருவரும் திரும்பிப் பார்த்து, கெட்ட வார்த்தை எதுவும் பேசிவிட்டோமா என்று யோசித்த மாதிரி இருந்தது.

ஆல்பனி போய்ச் சேர்ந்தபோது, நான் கலந்துகொள்ள வேண்டிய கூட்டம் முடிந்திருந்தது. பாலிடம் விஷயத்தைச் சொன்னேன்: நான் தங்கியிருக்கும் குடும்பத்துக்கு அந்தக் குடியிருப்பில் வீடு இருக்கிறது; பம்பை ஓட்டப்போவதும் அந்த வீட்டுக்காரர்தான். பால் யோசித்துவிட்டு, "தெற்கு ஆக்லாந்தில் ஒரு கல்லை எறிந்தால் அந்தக் குடியிருப்பில் வீடு வாங்கியவர்கள் மேல்தான் விழும்," என்றார். "பம்பை ஓட்டுபவர் ஓட்டட்டும். அளப்பது நீ. அது போதும்." அதோடு விட்டோம். அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

சோதனை தொடங்கும் நாள் காலையில் ஓடைக்கரையில் கூடினோம். நீலக் கோடு இல்லை. என் இடுப்பகலம்கூட இல்லாத ஓர் ஓடை, இரு கரையிலும் தண்ணீர்க்கீரை, அடியில் ஒவ்வொரு கூழாங்கல்லும் தனித்தனியாகத் தெரியும் தெளிவு. கையை விட்டால் குளிர் எலும்பில் ஏறியது.

மெரே அங்கேதான் அறிமுகமானாள். அந்த நிலத்துக்குத் தலைமுறைகளாகப் பொறுப்பான மாவோரிப் பூர்வகுடிக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவள். நன்னீர் உயிரியல் படித்தவள், என் வயதுதான் இருக்கும். அவளுடைய அத்தை ஒருவர் அவர்கள் மொழியில் பிரார்த்தனை சொன்னார். பிறகு ஒவ்வொருவரும் பெயருக்கு முன்னால் தன் மலையையும் தன் ஆற்றையும் சொல்ல வேண்டும். அதுதான் அவர்கள் வழக்கம். என் முறை வந்தபோது பாலாறு என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "வருடத்தில் பெரும்பாலும் மணல்தான் இருக்கும். தண்ணீர் மணலுக்கு அடியில். அதையும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்," என்றும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. மெரே தலையை ஆட்டினாள். அன்ரன் அண்ணன் தொப்பியைக் கழற்றி, "அருவியாறு," என்றார். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்து, ஆங்கிலத்தில் வராமல் விட்டுவிட்டார்.

ஊற்றின் தலைக்கு மெரே எங்களை ஒரே ஒரு முறை கூட்டிப்போனாள். பாறைக்கடியிலிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் வந்து ஒரு சின்னக் குட்டையில் நிறைகிறது. குட்டையில் விலாங்குகள். பெரியது ஒன்று அன்ரன் அண்ணனின் கை அளவு தடிமன். மெரே முழங்கால் போட்டு விரல்களை நனைத்ததும் அது வந்து முகர்ந்துவிட்டுப் போனது. "இவள் என் அம்மாவைவிட மூத்தவளாக இருக்கலாம்," என்றாள். இவை வாழ்நாளெல்லாம் இங்கே இருந்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு முறை வெப்பக் கடல்வரை நீந்திப் போய் முட்டையிட்டுச் சாகும் என்றாள். அதனால் இங்கே சாகிற ஒவ்வொன்றும் முட்டையிடாமல் சாகிற ஒன்று.

வெளியே வந்ததும் அவளுடைய குடும்பத்தார் வைத்திருந்த ஒரே கோரிக்கையைச் சொன்னாள். சோதனை நடக்கும் நாட்களில் யாரும் தலைக் குட்டைக்குப் போகக் கூடாது. அது ஓடை பிறக்கிற இடம். அதைச் சோதிக்கிற நேரத்தில் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பது மரியாதையில்லை. ஒரு கம்பிவேலி கட்டினார்கள். தண்ணீரின் உயரம் பார்க்க ஓடைக்குக் குறுக்கே நிறுத்தும் அளவுத் தகட்டை வேலிக்குக் கீழே, ஓடையில் கொஞ்சம் தள்ளி வைத்தோம். தொழில்முறையில் அதில் குறையொன்றும் இல்லை. ஊற்றில் வருகிற தண்ணீர் அந்தத் தகட்டின் வெட்டு வழியாகத்தான் போக வேண்டும்.

பம்பு ஓடத் தொடங்கியது. இறைத்த தண்ணீர் தடித்த நீலக் குழாய் வழியாக வெகுதூரம் கீழே வாய்க்காலில் போய் விழுந்தது. என் காலைகள் ஒழுங்கு பெற்றன: பம்பின் வேகம், கிணற்றின் மட்டம், பக்கத்தில் போட்டிருந்த கண்காணிப்புக் குழியின் மட்டம், தகட்டில் தண்ணீரின் உயரம். அதற்குப் பிறகு பசி. பக்கத்துச் சாலையில் ஒரு டெய்ரி இருந்தது. டெய்ரி என்றால் இங்கே பால் பண்ணை இல்லை, மூலைக்கடை. அதில் பை என்று இவர்கள் சொல்லும், இறைச்சிக் குழம்பு அடைத்த சூடான பணியாரம் ஒன்று வாங்கினேன். முதல் கடியில் உள்ளேயிருந்த குழம்பு வழிந்து என் அளவுப் பட்டியல் மேல் கொட்டியது.

"அதுக்குத்தான் நான் பாண் கொண்டு வாறனான்," என்று அன்ரன் அண்ணன் தன் டப்பாவை நீட்டினார். பாண் என்றால் அவர்கள் பேச்சில் ரொட்டி. கூடவே இடிசம்பல். பம்பு இரைச்சலில் கத்திக் கத்திப் பேசிக்கொண்டோம். பகலும் இரவும் இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பம்பைப் பார்த்துக்கொண்டார்கள். மற்றவர் காரிலேயே இருப்பார். அன்ரன் அண்ணன் நின்றுகொண்டே இருப்பார்.

முதல் நாள் தகட்டில் தண்ணீர் இறங்கியது. இரண்டாம் நாளும் கொஞ்சம். பிறகு நின்றுவிட்டது. மூன்றாம் நாள், நான்காம் நாள், அதே உயரம். கோட்டுக்கு மேலேயே. கிணற்றின் மட்டம் எதிர்பார்த்தபடி இறங்கிக்கொண்டிருந்தது, கண்காணிப்புக் குழியும் இறங்கியது, ஊற்று மட்டும் அசையவில்லை. நான் ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். கிணறு எடுக்கும் பாறைக்கும் ஊற்றுக்கும் நடுவே ஒரு களிமண் அடுக்கு இருக்க வேண்டும். குறுக்குவெட்டுப் படம்கூட வரைந்து பாலுக்கு அனுப்பினேன். நல்ல படம். களிமண்ணைப் பழுப்பு நிறத்தில் போட்டிருந்தேன்.

மெரே அந்தப் படத்தை என் திரையில் பார்த்தாள். "ரொம்ப நல்ல செய்தியாக இருக்கிறதே," என்றாள்.

"உனக்குச் சந்தோஷமில்லையா?"

"எங்களுக்கு யாரும் நல்ல செய்தி கொண்டுவந்து பழக்கமில்லை. அதனால் ஒன்றுக்கு இரண்டு முறை பார்ப்பேன்."

நான் ஒரு முறைதான் பார்த்தேன். நானும் விரும்பிய விடை அது. ஓடையும் இருக்கும், ஷாரனும் மாரிக்கு முன் மஞ்சள் வெயில் விழும் அந்த அறைக்குப் போய்விடுவாள். இங்கிலாந்து ஓடைகளில் ஒன்றுக்குக்கூட இப்படி இரண்டும் சேர்ந்து வந்ததில்லை. நேரில் வந்ததால் வந்த அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

கடைசி நாளுக்கு முந்திய மாலை. முடிவைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். "நல்லாப் போயிட்டிருக்கு அக்கா," என்று மட்டும் சொன்னேன். அதுவே அதிகம். ரோசலின் அக்கா வேலை முடிந்து வரும் வழியிலேயே கணவாய் வாங்கி வந்திருந்தார். கறி, பிட்டு, பொரித்த கத்தரிக்காய், பப்படம். கூடத்து இயந்திரத்தைக்கூட அணைத்து வைத்தார், பேசுவது கேட்கட்டும் என்று.

அன்ரன் அண்ணனுக்கு நல்ல மனநிலை. சாப்பாட்டின் நடுவே சிரித்தபடி சொன்னார்.

"தங்கச்சி, உங்களுக்கு ஒண்டு சொல்ல மறந்திட்டன். அந்த விலாங்குகள் இருக்கெல்லோ, ரெண்டாம் நாளே குட்டை வத்தத் தொடங்கீட்டுது. பம்படியில நிண்டா வேலிக்குள்ள தெரியும்தானே. பெரிசு முதுகு வெளியில கிடக்க நெளியுது. சின்ன மீனெல்லாம் ஒரு மூலையில குவிஞ்சு போய்க் கிடக்குதுகள். நான் சும்மா பாத்துக்கொண்டு நிக்கேலுமே? பம்பில, சோதிக்கிறதுக்கு மாதிரித் தண்ணி எடுக்கிற ஒரு சின்ன பைப் இருக்கு. அதில கார்டன் ஹோஸைக் கொழுவி வேலிக்கு மேலால விட்டுட்டன். மெரே ஆக்களின்ர இடத்துக்குள்ள கால் வைக்கேல்லை."

"நல்ல வேலை செய்தியள்," என்றார் ரோசலின் அக்கா.

"அப்பா, பெரியதுக்குப் பெயர் வைத்தீர்களா?" என்று ஷாரன் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"பேர் வைக்கேல்லை. நீ வையன்."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். "எவ்வளவு திறந்து விட்டீங்க அண்ணா?"

"கனக்க இல்லை. குட்டையில ஒரு கல்லை அடையாளம் வச்சிருந்தன். அந்தக் கல்லு நனையிற அளவுக்குக் கூட்டிக் குறைச்சு விட்டன். மற்றவனுக்கும் சொல்லி வச்சிருக்கு."

அந்தக் கல் நனைகிற உயரம்தான் என் தகட்டில் நான்கு நாட்களாக அசையாமல் நின்ற உயரம். களிமண் அடுக்கு எதுவும் இல்லை. ஊற்று குறையக் குறைய, கிணற்றிலிருந்து எடுத்ததையே ஒருவர் ஊற்றுக்குத் திருப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். நான் அதை அளந்து ஓடை நலமாக இருக்கிறது என்று படம் வரைந்திருந்தேன்.

"காலையில அந்த ஹோஸை எடுக்கணும் அண்ணா," என்றேன்.

"ஏன், நாளைக்குத்தானே முடியுது?"

விளக்கினேன். பாதி சொல்வதற்குள் ரோசலின் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. கையில் அகப்பையோடு நின்றார்.

"அப்ப அளந்தது பிழையோ?"

"ஆமா அக்கா."

"ஹோஸை எடுத்தா?"

"தண்ணி இறங்கும். கோட்டுக்குக் கீழ போகும்னு நினைக்கிறேன்."

அவர் கறிச்சட்டியை மூடினார். பிறகு, யாரிடமும் கேட்பதுபோல் இல்லாமல், "ஒருத்தருக்கும் தெரியாதுதானே," என்றார்.

"எனக்குத் தெரியுமே அக்கா."

"ரோசலின், விடும்," என்றார் அன்ரன் அண்ணன். அவர் முகத்தில் அப்போதுதான் முழுவதும் புரிந்த ஒரு மாற்றம் வந்தது. தன் வீட்டுத் தண்ணீரைத் தானே ஓடைக்குள் விட்டுவிட்டதைப் போலப் பார்த்தார். ஷாரன் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கூடத்துக்குப் போய் இயந்திரத்தைப் போட்டாள். அவளுக்கு இருமல் வந்திருந்தது.

மறுநாள் காலையில் பாலுக்கும் மெரேக்கும் சொன்னேன். இருவரும் வந்தார்கள். மெரே தன் அத்தையிடம் அனுமதி கேட்டு வேலிக்குள் போனாள். தண்ணீர்க்கீரைக்குள் பச்சை ஹோஸ் கிடந்தது. பச்சைக்குள் பச்சை. அன்ரன் அண்ணன் தானே போய்க் குழாயை மூடினார். நான் தகட்டருகே குனிந்து உட்கார்ந்தேன். மதியத்துக்குள் தண்ணீர் கோட்டைத் தொட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கோடு தண்ணீருக்கு மேலே தனியாகத் தெரிந்தது. அதைக் குறித்துக்கொண்டேன். பால் கையை உயர்த்த, அன்ரன் அண்ணன் பம்பை நிறுத்தினார். ஒரு வாரமாகக் கேட்ட இரைச்சல் நின்றதும் எல்லோரும் தேவைக்கு மேல் மெதுவாகப் பேசினோம்.

குட்டையில் தண்ணீர் திரும்பி வரும்வரை விலாங்குகளை வாளியில் கீழே கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. மெரே வேலியைத் திறந்து அன்ரன் அண்ணனையும் உள்ளே கூப்பிட்டாள்.

"உன்னால் ஒரு வாரச் சோதனை வீண்," என்றாள் அவரிடம். "உன்னால்தான் இவை உயிரோடு இருக்கின்றன. என் அத்தைகள் முதலில் உனக்குச் சாப்பாடு போடுவார்கள். அப்புறம் திட்டுவார்கள்."

அவர் சிரிக்கவில்லை. பெரிய விலாங்கை இரண்டு கையாலும் ஏந்தி வாளிக்குள் விட்டார். அது வாளியைச் சுற்றிச் சுற்றி வந்தது.

மீதி நாட்கள் ஆல்பனியில், திரைக்கு முன்னால். கிணற்றை முழுவதும் கைவிட வேண்டியதில்லை என்று காட்ட முடிந்தது. ஓடை நிறைந்திருக்கும் மாதங்களில் எடுக்கலாம், குறைந்த அளவில். கோடைக் கடைசியில் நிறுத்திவிட்டுத் தொட்டிகளில் சேமித்ததைக் கொடுக்கலாம். அந்த அளவு பாதி வீடுகளுக்குத்தான் போதும். எந்தப் பாதி? பள்ளத்துத் தெருக்களுக்குத் தண்ணீர் தானாகவே ஓடும். மேட்டுக்கு ஏற்ற அழுத்தம் வேண்டும், அதற்கு இன்னொரு பம்பு, அது பெரிய குழாயோடுதான் வரும். வரைபடத்தில் சரிவு ஓரிடத்தில் வளைகிறது. அந்த வளைவின் மேல் கோடு போட்டேன். கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இந்த மாரிக்கு முன் தண்ணீர். மேட்டுத்தெரு கோட்டுக்கு மேலே. வேறு யார் போட்டிருந்தாலும் கோடு அங்கேதான் விழுந்திருக்கும். ஆனால் நான்தான் போட்டேன்.

மெரேயின் குடும்பத்தார் அதை ஏற்றுக்கொண்டார்கள், முழுத் திருப்தியோடு இல்லை. நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கும் என்று கேட்டார்கள். பால் சொன்ன பதில் நீளமாக இருந்தது.

பிறகு ஹோஸ் விஷயம். அறிக்கையில் அதை எழுதாமல் இருக்க முடியாது. "வேண்டுமென்றே செய்தாரா?" என்று பால் கேட்டார். மீன்களுக்காகச் செய்தார் என்றேன். பால் கண்ணாடியைக் கழற்றினார். "அவருக்கு அங்கே வீடு இருக்கிறது, யாமினி. வேண்டுமென்றே செய்தார் என்று எழுதினால், படிப்பவர்கள் மீனை நம்ப மாட்டார்கள். வீட்டை நம்புவார்கள். கிடங்கில் வேலை போய்விடும்." ஆகவே நான் இப்படி எழுதினேன்: பம்பு ஊழியர் ஒருவர், விளைவை அறியாமல், மாதிரிக் குழாயைத் திறந்து விட்டிருந்தார். ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்த்தேன். எதுவும் பொய்யில்லை.

நான் புறப்படும் காலையில் ரோசலின் அக்கா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இயந்திரத்தின் தொட்டியைக் கழற்றிச் சிங்கில் கவிழ்த்துவிட்டு வந்து, வழிக்கு என்று ஒரு பொட்டலம் தந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உம்மில பிழை இல்லை, பிள்ளை. அது எனக்குத் தெரியும். ஆனா இப்ப உம்மைப் பாக்க ஏலாமக் கிடக்கு."

"சரி அக்கா," என்றேன். வேறு எதுவும் அவருக்கு உதவியிருக்காது.

அன்ரன் அண்ணன்தான் விமான நிலையத்துக்குக் கூட்டி வந்தார். புறப்பாட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமல், ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே கேட்டார்.

"என்னைப் பற்றி என்ன எழுதினனீங்கள்?"

அந்த வாக்கியத்தை அப்படியே சொன்னேன்.

"விளைவை அறியாமல்," என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தார். "அது சரிதான். எனக்கு விளைவு தெரியாது." பிறகு, "மீனுக்காக விட்டது எண்டு எழுதேல்லையோ?" என்றார்.

"எழுதினா வேணும்னே செஞ்சதா ஆயிடும் அண்ணா. வீட்டுக்காகச் செஞ்சீங்கன்னு சொல்லிடுவாங்க."

"ஓம், சொல்லுவினம்." அவர் தலையை ஆட்டினார். "இப்ப வாசிக்கிற ஆக்கள் என்ன நினைப்பினம்? ஒரு விசரன் பைப்பைப் பூட்ட மறந்து போனான் எண்டு."

பின்னால் நின்ற கார்க்காரர் ஹாரன் அடித்தார். அன்ரன் அண்ணன் இறங்கி என் பெட்டியை எடுத்து நடைபாதையில் நிமிர்த்தி வைத்தார். நான் அழப்போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ.

"பரவாயில்லை, தங்கச்சி," என்றார். "வேலை இருக்குத்தானே. அது போதும்."